நோன்பு அலமாரியின் பச்சை மாத்திரை

ரிஸ்கல்லாவும் மகள் யுஸ்தினாவும் சேர்ந்து செய்த கடைசி வேலை, சனிக்கிழமை சாயங்காலம் மாத்திரைப் பெட்டியை நிரப்பியது. ஏழு நாளுக்கு ஏழு அறை. அவர் பெட்டியைப் பிடித்துக்கொள்வார். அவள் மாத்திரையை எண்ணிப் போடுவாள், இப்போது அறைக்கு ஒன்றரை. ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை. அவர் இதயத்தில் உலோக வால்வு வைத்ததிலிருந்து ஒன்பது வருடமாக இப்படித்தான்.

"அசையாம பிடிங்கப்பா."

"நான் அசையல. எஞ்சினியரம்மாவுக்குத்தான் கை நடுங்குது. பம்ப் ஸ்டேஷன்லயும் இப்படித்தான் வேலை பாக்குறியா?"

"அங்க யாரும் உப்பு மீனைத் தின்னுட்டு என் மூஞ்சியில ஊதறதில்ல."

"அம்பத்தஞ்சு நாள் அவிச்ச மொச்சைய தின்னவன்டி நான். ஊதத்தான் செய்வேன்."

ஈஸ்டரோடு நோன்பு முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது.

ரிஸ்கல்லா எடை அளவைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஷுப்ரா வட்டாரத்தில் அவர் தராசைத் தட்டிப் பார்க்காத கசாப்புக் கடை இல்லை. சொந்த மைத்துனன் கடைத் தராசுக்கே சீல் வைத்தார். மைத்துனன் நான்கு வருடம் பேசவில்லை. அந்த நான்கு வருடமும் வீடு அமைதியாக இருந்தது என்பார்.

வீட்டிலும் எல்லாவற்றுக்கும் இடம் வகுத்திருந்தார். மருந்து, மாத்திரைப் பெட்டியில். நோன்புச் சாமான், நோன்பு அலமாரியில்: எள் விழுது, மொச்சை, எண்ணெய், ஒரு பச்சை டப்பா. குதிரைமசால் என்ற தீவன இலையைக் காயவைத்து அழுத்திய மாத்திரை அது. இறைச்சி, பால், முட்டை இல்லாத நாட்களில் தெம்பு வேண்டுமென்று கோயில் பெண்கள் சங்கம் இந்த வருடம் விற்றது. சாப்பாட்டோடு ஆறு விழுங்குவார். எதிரே உட்கார்ந்து யுஸ்தினா பார்த்துக்கொண்டிருப்பாள். வெறும் இலை.

நோன்பின் மூன்றாம் வாரம் ரத்தச் சோதனை எண் 1.6-க்கு இறங்கியது. இரண்டரைக்குக் கீழே போகக் கூடாது. போனால் வால்வில் ரத்தம் கட்டும். மூன்றரைக்கு மேலே போனால் ரத்தம் கசியும்.

"புதுசா மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லீங்க டாக்டர்."

டாக்டர் மகளைப் பார்த்தார். அவளும் இல்லை என்றாள். டாக்டர் ரத்த மாத்திரையைத் தினம் ஒன்றிலிருந்து ஒன்றரை ஆக்கினார். எண் 2.8-க்கு வந்தது. அடுத்த சோதனை ஈஸ்டருக்கு மூன்று வாரம் கழித்து என்று எழுதிக் கொடுத்தார்.

ஈஸ்டர் காலையில் ரிஸ்கல்லா முக்காலியில் ஏறி, நோன்புச் சாமானையெல்லாம் மேல்தட்டுக்கு ஏற்றினார். பச்சை டப்பாவும் மேலே போனது. ஈஸ்டருக்குப் பிறகு ஐம்பது நாள் நோன்பே கிடையாது. அந்த ஐம்பது நாளில் கீரையைத் தட்டில் வைத்தால்கூட முறைப்பார்.

ஈஸ்டர் முடிந்து பதினொன்றாம் நாள், வியாழக்கிழமை, காலையில் மூக்கில் ரத்தம் வந்தது. பஞ்சை அடைத்துக்கொண்டு பேப்பர் படித்தார். மத்தியானம் தலை வலிக்கிறது என்றார். மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியில் பேச்சு போயிருந்தது. எண் 7.9. மூளையில் ரத்தக் கசிவு.

இளம் பெண் டாக்டர் ஒருத்தி கேட்டாள். "புதுசா ஏதாவது ஆரம்பிச்சாரா?"

"இல்ல."

"ஏதாவது நிறுத்தினாரா?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை.

"நோன்பை நிறுத்தினார்," என்றாள் யுஸ்தினா.

டாக்டர் சிரிக்கவில்லை. "நோன்புல என்ன சாப்பிட்டாரு? ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னாள். பச்சை மாத்திரை என்றதும் டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். அந்த இலையில் வைட்டமின் கே இருக்கிறது, ரத்தத்தை உறைய வைப்பது அதுதான் என்றாள். அதை ஈடுகட்டத்தான் மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள். இலை நின்றுவிட்டது. கூட்டிய மருந்து நிற்கவில்லை.

இரண்டு தட்டிலும் எடை ஏற்றிவிட்டு ஒன்றை மட்டும் இறக்கினால் தராசு என்ன ஆகும் என்பது ரிஸ்கல்லாவுக்கு முப்பத்தொரு வருடத் தொழில். யுஸ்தினாவும் அழுத்தமானிகளைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்குகிறவள். இரண்டு பேரும் ஒரே மேசையில்தான் சாப்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை விடியும்போது அவர் போய்விட்டார். மாத்திரைப் பெட்டியில் மூன்று அறைகள் காலியாகாமல் இருந்தன.

மூன்றாம் நாள், பாதிரியார் வீட்டுக்கு வந்து ஜெபம் செய்துவிட்டுப் போன பிறகு, யுஸ்தினா முக்காலியில் ஏறி டப்பாவை இறக்கினாள். பின்பக்கம் பொடி எழுத்தில் எல்லாம் அச்சிட்டிருந்தது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்கவும் என்றும் இருந்தது. கண்ணாடி போடாமலே படிக்க முடிந்தது.

மூடியில் ரப்பர் வளையம் போட்டு ஒரு சீட்டு சுற்றியிருந்தது. அவர் கையெழுத்து. ஜூனில் வரும் அப்போஸ்தலர் நோன்புக்கு வாங்க வேண்டியவை: எண்ணெய் இரண்டு லிட்டர். மொச்சை ஐந்து கிலோ, நம் தராசில் நிறுத்து வாங்கவும். பச்சை மாத்திரை இரண்டு டப்பா, ஒன்று யுஸ்தினாவுக்கு, பிள்ளை களைத்துத் தெரிகிறாள்.