முகாமுக்குப் போகும் பனியன்கள்

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனி வாசலில் லாரி எஞ்சினை அணைக்காமல் நிற்கிறது. வடகிழக்கில் மோதலுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடி, முகாம்களில் தங்கியிருக்கும் குழந்தைகளுக்கு முழுக்கைப் பனியன்கள் போகின்றன. ரயில் பார்சல் ஆபீஸ் மூட இன்னும் ஒரு மணி நேரம்தான். முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

செக்கிங் மேசையில் சரசக்கா ஒவ்வொரு பனியனையும் டியூப்லைட்டுக்கு நேரே விரித்துப் பார்க்கிறார். ஒன்றில் கழுத்துத் தையல் மிளகளவு விட்டிருக்கிறது. பழுதைக் காட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்குகிறார். ஒதுக்கிய குவியல் வளர்கிறது. பக்கத்தில் பனியன்களை மடித்து அடுக்கும் எனக்கே பொறுமை போகிறது.

"சும்மா கொடுக்கறதுதானேக்கா, இவ்வளவு பார்க்கணுமா?"

அவர் நிமிரவில்லை. "சரக்கு வாங்கற வெளிநாட்டுப் பையரா இருந்தா, தையல் விட்டதப் பார்த்ததுமே திருப்பி அனுப்பிப்போடுவாங்க. முகாம்ல இருக்கறவங்க எங்கீங்க திருப்பி அனுப்புவாங்க? அந்தக் குளுருக்கு இதையேதானுங்க போட்டுக்கோணும்."

அது முதலாளி காதிலும் விழுகிறது. ஒதுக்கிய குவியலைத் தானே அள்ளிக்கொண்டு தையல் மெஷின் பக்கம் நடக்கிறார். போகிற போக்கில் டிரைவரிடம் சொல்கிறார்:

"வண்டிய ஆஃப் பண்ணிருங்க. நாளைக்குக் காலைல அனுப்பிக்கலாம்."