டிரம் ஒட்டிய ஸ்டிக்கர்கள்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது வங்கிக்கும் மருத்துவமனைக்கும் மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் டிரம். வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவர். மெஷினின் டிரம்முக்குள் தலையை விட்டுக்கொண்டே வீட்டுக்காரர்களிடம் நாட்டு நடப்பு பேசுவார். பேச்சு உள்ளே போய் உருண்டு பெரிதாகி வெளியே வரும். அப்படி வந்த பெயர். ஆளும் கொஞ்சம் உருண்டைதான் என்பதால் பெயர் போகவே இல்லை. "சரியாத்தான் வெச்சிருக்காங்க. சத்தம் நிறைய வரும், உள்ள ஒண்ணும் இருக்காது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இந்தக் கதையையும் அவரேதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். அதனால் நாம் சொல்வதில் தப்பில்லை.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் மெஷினின் பக்கவாட்டை ஈரத்துணியால் துடைத்து, பெயரும் போன் நம்பரும் போட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டு வர வேண்டும். அடுத்த முறை மெஷின் மக்கர் பண்ணினால் வீட்டுக்காரர்கள் அந்த நம்பரைத்தான் கூப்பிடுவார்கள். டிரம் இதில் ஒரு படி மேலே போயிருந்தார். வேறு மெக்கானிக்கின் ஸ்டிக்கர் ஏற்கெனவே இருந்தால் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி எடுத்துவிடுவார். வர மறுத்தால் அதன் மேலேயே தன்னுடையதை ஒட்டிவிடுவார். அதற்கென்றே மஞ்சள் நிறத்தில் சற்றுப் பெரிதாக அச்சடித்து வைத்திருந்தார். இதை அவர் தப்பு என்று நினைத்ததே இல்லை. சுத்தம் என்று நினைத்தார். நாளாக ஆக, அந்த வட்டாரத்தில் எந்த மெஷினை நகர்த்திப் பார்த்தாலும் அவர் நம்பர்தான். மற்ற மெக்கானிக்குகள் ஒவ்வொருவராக வேறு இடம், வேறு வேலை என்று போய்விட்டார்கள். "திறமை இருக்கிறவன் நிப்பான்" என்று டிரம் அதற்குக் காரணம் சொல்வார்.

வேலை பெருகியதும் தம்பியைக் கூட வைத்துக்கொண்டார். தம்பிக்கும் வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அண்ணனைவிட நிதானமானவன், வேலையும் அண்ணனைவிடச் சுத்தம். போன் அண்ணனின் சட்டைப்பையில் இருக்கும். அழைப்பு வந்தால் யார் எந்த வீட்டுக்குப் போவது என்று அண்ணன் முடிவு செய்வார். யார் போனாலும் ஒட்டப்படுவது மஞ்சள் ஸ்டிக்கர்தான்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது போன் அடிப்பது குறைந்தது. ஜனங்கள் துணி துவைப்பதை விட்டுவிட்டார்களோ என்றுகூட டிரம் யோசித்தார். விஷயத்தைக் கண்டுபிடித்தது அவர் மனைவி. எதைத் தேடினாலும் எந்தக் கம்பெனி வழியாகத் தேடுகிறோமோ, வழி தெரியாவிட்டால் எந்தக் கம்பெனியின் மேப்பைப் பார்க்கிறோமோ, அதே பெரிய கம்பெனி இப்போது வீட்டுச் சாமான் ரிப்பேரிலும் இறங்கியிருந்தது. போனில் 'வாஷிங் மெஷின் ரிப்பேர்' என்று தட்டினால் முதலில் அவர்கள் சேவை, அப்புறம் அவர்கள் விளம்பரம், அப்புறம் மறுபடியும் அவர்கள் சேவை. விரல் வலிக்கத் தள்ளிக்கொண்டே போனால், ஈ காக்கை போகாத ஒரு கடைசியில் டிரம் கிடந்தார், எப்போதோ மூடிவிட்ட ஒரு சலவைக்கடைக்குப் பக்கத்தில்.

"அடிமடியிலேயே கை வெச்சுட்டாங்களே!" என்று டிரம் குதித்தார்.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் ஒரு விசாரணைக் குழு அமைத்திருந்தது. இந்த மாதிரிக் கம்பெனிகள் யாரையும் தலைதூக்க விடாமல் எல்லாவற்றையும் ஒரே கையில் வைத்திருக்கின்றன, இவற்றைத் துண்டு துண்டாகப் பிரிக்கலாமா வேண்டாமா என்று எல்லோரிடமும் கருத்துக் கேட்டார்கள். மெக்கானிக் சங்கம் தன் சார்பில் டிரம்மை அனுப்ப முடிவு செய்தது. அவர் அறிவுக்காக இல்லை. ஓடுகிற மெஷினுக்கு மேல் கேட்கும்படி பேசிப் பழகிய தொண்டைக்காக.

டிரம் பேச்சுத் தயாரிக்க உட்கார்ந்தார். போனை எடுத்து, அந்தக் கம்பெனியின் தேடல் பெட்டியிலேயே, அந்தக் கம்பெனியை எப்படி உடைப்பது என்று கேட்டார். பதில் உடனே வந்தது, மரியாதையாகவும் வந்தது. முதலில் நின்றது, உடைக்கவே கூடாது என்று வாதாடும் கட்டுரை. பெரிதாக இருப்பதால்தான் பலதையும் இலவசமாகக் கொடுக்க முடிகிறது, உடைத்தால் கஷ்டப்படப் போவது மக்கள்தான், திறமையால் வளர்ந்ததைத் தண்டிக்கலாமா என்று அதில் எழுதியிருந்தது. டிரம் பாதிவரை தலையாட்டிக்கொண்டே படித்தார். 'நல்லாத்தானே சொல்றான்' என்று தோன்றியபோதுதான் தான் எந்தக் கட்சி என்பது ஞாபகம் வந்தது. பிறகு பேச்சை வாயால் சொல்லச் சொல்ல, அந்தப் போனே எழுத்தாக்கிக் கொடுத்தது. 'கொள்ளைக்காரர்கள்' என்ற சொல்லை ஒரு தடவைகூடத் தப்பாக எழுதவில்லை. தன்னைத் திட்டுவதை இவ்வளவு பொறுமையாக எழுதிக்கொள்கிறவனை அவர் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் ஒத்திகை. மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தம்பி நாற்காலியில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். டிரம் பிரிட்ஜின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு முழங்கினார்.

"சந்தையை நடத்துறவங்களே அதுல கடையும் போட்டா, நல்ல இடத்தை யாருக்குக் குடுப்பாங்க? தனக்குத்தான் எடுத்துப்பாங்க! மத்தவன் பேரு வெளிய தெரியவே விடமாட்டாங்க! உழைக்கிறவன் ஒருத்தன், பேரு வாங்கறவன் ஒருத்தன்! இது நியாயமா?"

கைதட்டலுக்காக நிறுத்தினார். தம்பி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சிரித்தான்.

"எதுக்குடா சிரிக்கிற?"

"ஒண்ணுமில்லண்ணா. நல்லாத்தான் பேசற. லிஃப்ட் இல்லாத நாலாவது மாடியெல்லாம் எப்பவும் யாருக்கு வருது?"

"உனக்கு வயசு கம்மிடா. அதனால…"

"என் முட்டிக்கு வயசாயிடுச்சுண்ணா. கீழ்வீடு ஒண்ணுகூட எனக்கு வந்ததில்ல. போன் உன்கிட்ட இருக்கு. எந்த வீட்டுலயும் என் பேரு தெரியாது. 'டிரம்மோட ஆளு வந்திருக்கு'ன்னுதான் கதவைத் திறக்கறாங்க."

"இது குடும்பத் தொழில்டா! அதையும் இதையும் போட்டுக் குழப்பாத."

மனைவி ஒரு சட்டையை உதறினாள். "அந்தக் கம்பெனியிலயும் 'நாமெல்லாம் ஒரே குடும்பம்'னுதான் சொல்லுவாங்க போல."

"நீ யார் பக்கம்?"

"நான் துணி மடிக்கிற பக்கம்."

தம்பி எழுந்தான். "என் நம்பர் போட்டு நானும் ஸ்டிக்கர் அடிச்சிருக்கேண்ணா. அதைச் சொல்லத்தான் வந்தேன். இனிமே தனியா பார்த்துக்கறேன்."

டிரம்முக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கோபத்தில் வாயை விட்டார். "ஒட்டு, ஒட்டு! அது எத்தனை நாளைக்கு இருக்குதுன்னு நானும் பார்க்கறேன்!"

தம்பி அண்ணனின் கட்டைவிரலைப் பார்த்தான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். டிரம்மும் அப்போதுதான் அந்த விரலைப் பார்த்தார். அது தன்பாட்டில் பிரிட்ஜின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தது. தொழில் போய்விடுமோ என்ற பயம் அவருக்குப் பழகிப்போயிருந்தது. தம்பி இனிமேல் இந்த வீட்டுப் படி ஏறமாட்டானோ என்ற பயம் புதிது.

விசாரணை ஒரு பெரிய குளிரூட்டப்பட்ட அறையில் நடந்தது. டிரம்முக்கு மைக் தேவைப்படவில்லை, ஆனாலும் கொடுத்தார்கள். பேச்சு நன்றாகவே போனது. சங்கத்துக்காரர்கள் மேஜையைத் தட்டினார்கள். பிறகு கம்பெனியின் வக்கீல் எழுந்தார். சின்ன வயதுப் பெண், மெல்லிய குரல், நல்ல மரியாதை.

"எங்க சேவை வர்றதுக்கு முன்னாடி உங்க பகுதியில எத்தனை மெக்கானிக் சார் இருந்தாங்க?"

"நானும் என் தம்பியும்."

"அதுக்கும் முன்னாடி?"

"நாலஞ்சு பேரு இருந்தாங்க."

"அவங்களையும் நாங்கதான் விரட்டினோமா?"

அறையில் சிரிப்பு எழுந்தது. 'திறமை இருக்கிறவன் நிப்பான்' என்ற பதில் டிரம்மின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வந்த பிறகுதான், அது அந்தக் கட்டுரை சொன்னதேதான் என்று உறைத்தது. நிமிர்ந்து பார்த்தார். கடைசி வரிசைக்குப் பின்னால் கதவோரமாகத் தம்பி நின்றிருந்தான்.

"இல்லம்மா. நான்தான் விரட்டினேன்" என்றார்.

ஸ்டிக்கர் விஷயத்தைச் சொன்னார். சொல்லச் சொல்ல அசடு வழிந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை. நகத்தைக்கூடத் தூக்கிக் காட்டினார். சங்கத் தலைவர் தலையில் கைவைத்துக்கொண்டார். வக்கீல் புன்னகையோடு நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப உங்க கருத்துதான் என்ன? பிரிக்கணுமா, வேண்டாமா?"

"பிரிக்கணுங்க. நான் கெட்டவன் இல்ல, எங்க தெருவுல விசாரிச்சுப் பாருங்க. என் பையில இருந்தது ஒரே ஒரு போனு. அதை வெச்சுக்கிட்டே, கூடப் பொறந்தவனை நாலாவது மாடிக்கு அனுப்பிட்டுக் கீழ்வீட்டை நான் எடுத்துக்கிட்டேன். அது தப்புன்னு எனக்குத் தோணவே இல்ல. அவங்க பையில ஊர்ல இருக்கற எல்லா போனும் இருக்கு. அவங்க நல்லவங்களாவே இருக்கட்டும். அதை மட்டும் நம்பி விட்டுடாதீங்க."

"அப்போ உங்களையும் பிரிக்கணும்கறீங்க?"

"முதல்ல என்னைப் பிரிங்க ஐயா. சின்ன வேலை, சீக்கிரம் முடிஞ்சுடும்."

அறை முழுக்கச் சிரித்தது. டிரம் கதவோரம் பார்த்தார். தம்பி அங்கே இல்லை. கேட்டானா, பாதியில் போய்விட்டானா, தெரியவில்லை.

குழு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. பெரிய ஆட்கள் அவசரப்படமாட்டார்கள். தம்பியும் கூப்பிடவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் மைக்கில் முழங்கிய வாய்க்கு, போனில் தம்பி ஒருவனிடம் பேச வரவில்லை. டிரம் மாடி வீடுகளுக்கும் இப்போது தானே ஏறினார். முதல் மாடியில் மூச்சு வாங்கியது. இரண்டாவது மாடியில், மாடி வீடுகளையெல்லாம் தடை செய்யச் சொல்லி மனு போடலாமா என்று தோன்றியது. மேலே போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்காரர்கள் மெஷினை விட்டுவிட்டு அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். தம்பி இத்தனை வருஷம் இதை ஒரு வார்த்தை சொல்லாமல் ஏறியிருக்கிறானே என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

ஒரு காலையில் அவர் வீட்டு மெஷினே சத்தம் போட ஆரம்பித்தது. பேரிங் போய்விட்டது என்று சத்தத்திலேயே தெரிந்தது. டூல்ஸ் பெட்டியோடு ஓடி வந்தவரை மனைவி தடுத்தாள்.

"தொடாதீங்க. ஆளைக் கூப்பிட்டாச்சு."

"ஆளா? யாரு?"

"இந்த ஏரியாவுல இப்போ ரெண்டு பேரு இருக்காங்க. எனக்குப் பிடிச்சவரைக் கூப்பிட்டேன்."

மணி அடித்தது. தம்பி வந்தான். "வாங்க தம்பி" என்று மனைவி வரவேற்றாள். தம்பி அண்ணனைத் தாண்டிப் போய் மெஷினைப் பிரித்தான். யாரும் கேட்காமலே டிரம் டார்ச்சைப் பிடித்துக்கொண்டார். பழைய பேரிங் கழன்று வந்தது, புதியது உட்கார்ந்தது. மெஷின் சத்தமில்லாமல் சுற்றியது.

தம்பி ஈரத்துணியால் பக்கவாட்டைத் துடைத்தான். அங்கே அண்ணனின் மஞ்சள் ஸ்டிக்கர் வெளிறிப்போய் ஒட்டியிருந்தது. தம்பி பையிலிருந்து தன்னுடையதை எடுத்தான். நீலம், சின்னது. அவன் பெயர் அச்சில் இருப்பதை டிரம் முதல் முறையாகப் பார்த்தார்.

"மேலயே ஒட்டுடா. நானா இருந்தா அப்படித்தான் ஒட்டுவேன்."

"தெரியும்ணா."

தம்பி மஞ்சள் ஸ்டிக்கரின் ஓரம் கிளம்பியிருந்ததை விரலால் அழுத்தி ஒட்டினான். பிறகு தன்னுடையதை அதற்குப் பக்கத்தில் ஒட்டினான்.

"இடம்தான் இருக்கேண்ணா" என்றான்.

டிரம் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ மெஷின்களுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார். அவற்றின் பக்கவாட்டில் இவ்வளவு இடம் இருப்பதை அவர் பார்த்ததே இல்லை.