மூன்றாம் மாடியில் சம்பந்தியம்மா

கூட்ட அறையில் ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறாள் சித்தி. ஒன்றில் வெயில் கண்ணைக் குத்துகிறது. கோபக்காரர்களுக்கு ஆகாது என்று திரையை இழுத்துவிடுகிறாள். இன்னொன்றிலிருந்து சுவர்க்கடிகாரம் தெளிவாகத் தெரிகிறது. அது நலத்துறை அதிகாரிக்கு ஆகாது, மணியைப் பார்த்தால் எழுந்துவிடுவார். கடைசியில், ஒரு கால் குட்டையான நாற்காலி அகப்பட்டதும் முகம் மலர்ந்துபோகிறது.

"இது டாக்டருக்கு. ஆடுற நாற்காலியில உட்கார்ந்தா பேச்சு தானா சுருங்கும்."

சித்தி, இந்த நகரத்துத் தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்புக்கு ஒருங்கிணைப்பாளர். முதியோர், உடல் ஊனமுற்றோர், படுத்த படுக்கையானவர்கள் என்று ஆளுக்கொரு பக்கமாக உதவிக்கொண்டிருந்தவர்களைச் சமூக நலத்துறையோடு ஒரே மேசைக்குக் கொண்டுவருவது அவள் வேலை. அவளைப் பொறுத்தவரை துறை என்பது மாப்பிள்ளை வீடு, நிறுவனங்கள் பெண் வீடு. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க, யாரும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க" என்று போனில் கெஞ்சுவாள். அதனால் எல்லோருக்கும் அவள் சம்பந்தியம்மா. அதிகாரியே ஒருமுறை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் கைப்பையில் எப்போதும் புதினா மிட்டாய் இருக்கும். இரண்டு பேர் குரலை உயர்த்தினால் ஆளுக்கொன்று நீட்டுவாள். வாயில் மிட்டாய் இருக்கும்போது மனிதர்களால் முழு வேகத்தில் கத்த முடியாது என்பது அவள் கண்டுபிடிப்பு. வீட்டிலும் இதே கதைதான். "இருக்கறது ரெண்டு பேரு. சாம்பாரா ரசமான்னு முடிவு பண்ணக்கூட ரெண்டு தரப்பையும் கேட்கணுங்கறா" என்பார் சித்தப்பா.

சில வருடங்கள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பிய என்னை, "கொஞ்ச நாள் ஒரு இடத்துல உட்காரப் பழகு" என்று அம்மா இவளிடம் அனுப்பிவைத்தாள். உட்காரவா? இவள் வேகத்துக்கு ஈடுகொடுக்க எந்த ரயிலாலும் முடியாது.

அன்றைய கூட்டம் குளியலைப் பற்றியது. படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே போய்க் குளிப்பாட்டி, புண்களுக்கு மருந்து போடும் சேவை ஒன்றைக் கூட்டமைப்பு சோதனையாக நடத்திவந்தது. அதை நிரந்தரமாக்கத் துறை சம்மதித்துவிட்டது. ஒரே நிபந்தனை: பொறுப்பேற்று நடத்தும் நிறுவனம் ஒன்றாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்தாகாவிட்டால் சேவை நின்றுவிடும். மருத்துவமனை நடத்தும் டாக்டர் தனக்கு வேண்டும் என்றார். சிறப்புப் பள்ளி நடத்தும் டீச்சர் தனக்கு வேண்டும் என்றார். மிட்டாய் தீர்ந்ததுதான் மிச்சம்.

"ஆடுற நாற்காலிகூடத் தோத்துப்போச்சுடி" என்றாள் சித்தி, படியிறங்கும்போது. அடுத்த படியில் நின்றாள். "வெள்ளிக்கிழமை கூட்டத்தை டிரைவர் அண்ணன் வீட்ல வச்சுக்கலாம்."

டிரைவர் அண்ணன் லாரி ஓட்டியவர். விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. கூட்டமைப்பு பிறப்பதற்கு முன்னால், அவரைப் பற்றிக் கேள்விப்பட்ட டாக்டர் ஒரு சக்கர நாற்காலி அனுப்பினார். டீச்சரும் ஒன்று அனுப்பினார். துறையும் ஒன்று அனுப்பியது. ஓர் இளைஞர் மன்றம் கைதட்டலோடு இன்னொன்றைக் கொடுத்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. படிக்கட்டை யாருமே கேட்கவில்லை.

வியாழக்கிழமை சித்தி அவரிடம் அனுமதி கேட்கப் போனாள். "வரட்டும் தங்கச்சி, எனக்கும் பொழுது போகணும்ல. குளிக்கிறப்ப மட்டும் எல்லாரும் வெளிய போயிடணும்" என்றவர், குரலைத் தாழ்த்தி, "அடுத்த மாசம் குளிப்பாட்ட வருவாங்களா, மாட்டாங்களா?" என்றார். சித்தி அவர் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை மூச்சிரைக்க மேலே வந்த டாக்டர், டீச்சர், அதிகாரி மூவரையும் அவர் படுக்கையிலிருந்தே வரவேற்றார்.

"வாங்க, வாங்க. அவங்கவங்க வண்டியில ஏறி உட்காருங்க. பிரேக் போட்டுக்குங்க, தரை சரிவு."

அந்த வீட்டில் வேறு நாற்காலி இல்லை. நான்காவதில் அவர் மனைவி தைக்க வேண்டிய துணிகள் குவிந்திருந்தன.

"புண்ணு பார்க்கிறது மருத்துவம். அதுக்கு மருத்துவமனைதான் பொறுப்பேற்கணும்" என்று ஆரம்பித்தார் டாக்டர்.

"தினமும் படி ஏறுறது எங்க பொண்ணுங்க. நீங்க ஒரு நாளாவது ஏறியிருக்கீங்களா?" என்றார் டீச்சர்.

"இதோ, இப்ப ஏறலையா?"

"சம்பந்தியம்மா ஏத்திவிட்டாங்க."

ஆவேசத்தில் கையை வீசிய டாக்டர், பிரேக் போடாத நாற்காலியோடு பின்னால் உருண்டு தையல் மெஷினில் முட்டி நின்றார்.

"ரிவர்ஸ்ல போறீங்க, டாக்டர்" என்றார் டிரைவர்.

அதற்குள் குளிப்பாட்டும் பெண் வந்துவிட்டாள். "நேரமாச்சு. இன்னும் மூணு வீடு இருக்கு. அக்கா, ஒரு கை புடிங்க."

அதுவரை மெஷினை ஓட்டிக்கொண்டிருந்த டிரைவரின் மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, எனக்கு இன்னிக்கு முடியலையே!" சித்தி வேண்டுமென்றே ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். காலையில் டிரைவர் மனைவியோடு போனில் பேசி எதற்குச் சிரித்தாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

டாக்டர் தோள்பக்கம் போனார், டீச்சர் கால்பக்கம். இவர் தூக்கியபோது அவர் தூக்கவில்லை. அவர் தூக்கியபோது இவர் இறக்கிவிட்டார்.

"அட, ரெண்டு பேரும் ஸ்டியரிங்கப் புடிச்சா பள்ளத்துல விழறது நான்தான்! யாராவது ஒருத்தர் ஒண்ணு ரெண்டு மூணு சொல்லுங்க!"

டாக்டரின் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

"நீங்களே எண்ணுங்க டீச்சர்," என்றார். "உங்களுக்குத்தான் இதெல்லாம் பழக்கம்."

டீச்சர் எண்ணினார். டிரைவர் குளியல் முக்காலியில் பூப்போல இறங்கினார்.

நாங்கள் வெளியே வந்தோம். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தமும், டிரைவர் சுகமாக முனகும் சத்தமும் கேட்டன. படியில் நின்றபடியே அதிகாரி ஒப்பந்தத்தை எடுத்தார்.

"யார் பேரை எழுத?"

டாக்டர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "டீச்சர் பேரப் போடுங்க. அவங்க சொல்ற நாள்ல எங்க நர்ஸ் வந்து புண்ணைப் பார்த்துக்குவாங்க."

"எந்த நாள்னு உங்களைக் கேட்டுத்தான் வைப்பேன்" என்றார் டீச்சர். குரல் இறங்கியிருந்தது.

எழுத மேசை இல்லை. டாக்டர் குனிந்து முதுகைக் காட்டினார். டீச்சர் அதன்மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்திட்டார். "கூசுது, சீக்கிரம்" என்றார் டாக்டர். அடுத்து அதிகாரி கையெழுத்திட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்தத் தருணத்தில், துறையின் சார்பாக, இரண்டு வார்த்தை..."

கதவு லேசாகத் திறந்தது. காலி வாளி ஒன்று வெளியே வந்தது. பின்னாலேயே டிரைவர் மனைவியின் குரல்: "தண்ணி பத்தலை! கீழ்வீட்டு அடுப்புல காயுது, யாராவது எடுத்துட்டு வாங்களேன்!"

சித்தி அதிகாரியின் விரல்களுக்கிடையிலிருந்து பேனாவை மெல்ல உருவினாள். மூடியைப் போட்டு அவர் சட்டைப்பையில் செருகினாள். இன்னும் விரிந்தபடியே இருந்த அவர் கையில் வாளியின் கைப்பிடியை வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.