கோழி அடையிருந்த மூக்கு

பழங்காநத்தத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் காசிமாயனுக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பு ஏறவில்லை. ஆனால் தகரக் குவியலுக்குள் விமானத் துண்டு கிடந்தால் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். ரிவிட் ஆணியின் தலை தகட்டோடு தகடாகப் படிந்திருக்க வேண்டும், கையை ஓட்டினால் தட்டக்கூடாது. உட்புறம் எலுமிச்சங்காய்ப் பச்சையில் பெயிண்ட். ஓரத்தில் எங்காவது மிளகளவு முத்திரை. மூன்றும் இருந்தால் அது எடைக்குப் போகாது, கடைக்குப் பின்னால் உள்ள அறைக்குப் போகும். பத்துப் பன்னிரண்டு வருசமாக இதே வேலை. அவர் மனைவி பாண்டீஸ்வரி அந்த அறையை ஏர்போர்ட்டு என்பாள்.

இரண்டு வருசமாக அவர் தேடியது ஒரு மூக்கை. பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரி வாசலில் பழைய போர் விமானம் நிற்கிறது. வந்து இறங்கும்போதே மூக்கு இல்லை. அந்த இடத்தில் வட்டமாகத் தகரம் அடித்திருக்கிறார்கள். மாணவர்கள் வைத்த பெயர் மூளி. அதைப் பராமரிக்கும் இம்மானுவேல் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கேட்டு, மூக்கு உட்காரும் விளிம்பில் சணலைச் சுற்றி, ஸ்க்ரூ ஓட்டை வரும் இடமெல்லாம் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டார் காசிமாயன். இருபத்தாறு முடிச்சு.

போன மாதம் திருப்பரங்குன்றம் தாண்டி ஒரு தோட்டத்துக்குப் பழுதான மோட்டாரை எடுக்கப் போனார். தோட்டக்காரி முனியாயியின் மாட்டுக் கொட்டத்தில், கோழியைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரக் கூடை இருக்க வேண்டிய இடத்தில் மூக்கு கவிழ்ந்து கிடந்தது. தடவினார். தட்டவில்லை.

"ஏத்தா, இந்தப் பஞ்சாரத்த எனக்குக் குடு. புதுசா மூங்கில் பஞ்சாரம் ரெண்டு தாரேன்."

"உள்ள கோழி அடையில இருக்குண்ணே. கிளப்புனா அம்புட்டும் கூமுட்டையாயிரும். இன்னும் பன்னெண்டு நாளு கெடக்கு."

"சுத்திப் பூசியிருக்க மண்ண மட்டும் தட்டிப் பாத்துக்கிறேன்."

"தட்டிட்டுப் போயிருவீக. கீரி வந்தா நீங்களா காவல் காப்பீக?"

மண்ணுக்கு மேலே ஆறு ஓட்டைதான் தெரிந்தது. சணலை வைத்தார். ஆறும் பொருந்தியது. பொறுமை இல்லாத மனுசன், அன்றைக்கே இம்மானுவேலுக்குப் போன் போட்டு மூக்கு கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டார்.

பன்னிரண்டு நாளில் எட்டுத் தடவை தோட்டத்துக்குப் போனார். மொபெட் சத்தம் கேட்டாலே முனியாயி, "ஏய், குஞ்சுகளுக்கு அப்பன் வந்துட்டாரு" என்று கோழியிடம் சொல்வாள். இவர் முறைப்பார், ஆனால் கோழிக்கு என்று கம்பு வாங்கி வந்திருப்பார்.

பதினோரு முட்டையில் ஒன்பது பொரித்தது. பஞ்சாரம் இரண்டையும் இறக்கி வைத்துவிட்டு, மூக்கைக் கழுவி, மொபெட்டில் கட்டி நேராகப் பசுமலைக்கு விட்டார். இம்மானுவேல் தகரத்தைக் கழற்றி வைத்துக் காத்திருந்தார். ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் பிடித்தார்கள். ஆறு ஓட்டை சரியாக நின்றது. மிச்சமெல்லாம் அரை விரல் தள்ளி நின்றது.

"மாடல் இதுதான் காசி. ஆனா அந்தக் காலத்துல ஓட்டைய அந்தந்த விமானத்துல வச்சுக் கையாலதான் போட்டாங்க. இது இந்த விமானத்தோட மூக்கில்ல, இதோட அண்ணன் தம்பியோட மூக்கு," என்றார் இம்மானுவேல். "விடு, புதுசா ஓட்டை போட்ருவோம். கால் மணி நேர வேலை."

"வேணாம்ணே."

"ஏன்யா?"

"ஓட்டையப் போட்டா இது எதோட மூக்குன்னு அப்புறம் எவனுக்கும் தெரியாது. இதோட உடம்பு எங்கயாச்சும் நின்னா? அதுவும் மூளியாத்தான நிக்கும்?"

மூக்கை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பவும் தோட்டத்துக்குப் போனார். முனியாயி குஞ்சுகளுக்குக் குருணை போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பழைய பஞ்சாரத்த எங்க வாங்குன?"

"எங்க வீட்டுக்காரரு வாங்கியாந்தது. பதினெட்டு வருசம் இருக்கும். பழங்காநத்தத்துல வேப்பமரத்தடியில ஒரு இரும்புக்கடையாம். கேட்டதுக்கெல்லாம் அந்த ஆளு வள்ளுவள்ளுன்னு விழுந்தாராம். இத ஒண்ண எடுத்துக்கிட்டு ஓடு, மத்ததெல்லாம் உருக்குக்குப் போகுதுன்னாராம்."

காசிமாயன் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். பழங்காநத்தத்தில் வேப்பமரத்தடி இரும்புக்கடை ஒன்றுதான். அப்போது அவருக்கு ரிவிட்டும் தெரியாது, முத்திரையும் தெரியாது. எடை மட்டும்தான் தெரியும். ஏலத்தில் எடுத்த ஒரு விமானத்தை நாலு நாள் கோடாலியால் வெட்டிச் சாக்கில் கட்டியது ஞாபகம் வந்தது. மூக்கை வாங்கிப் போனவன் முகம் ஞாபகம் வரவில்லை.

"என்னண்ணே, பேயடிச்ச மாதிரி இருக்கீக?"

"அந்தக் கடைக்காரன் நாந்தேன்."

முனியாயி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அதான பாத்தேன். அந்தக் கொணம் இன்னும் போகலையே!"

அவர் சிரிக்கவில்லை. போனை எடுத்து இம்மானுவேலைக் கூப்பிட்டார்.

"அண்ணே, ஓட்டையப் போட்ருவோம். இதுக்கு உடம்பு இல்ல."

"அதுக்குள்ள எப்படிய்யா தெரிஞ்சுச்சு?"

"நாந்தேன் வெட்டி உருக்குக்கு அனுப்புனேன்."

அந்தப் பக்கம் இம்மானுவேல் டிரில்லை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"முத்திரை இருக்க எடத்துல மட்டும் டிரில் படக்கூடாதுண்ணே. நான் வாரேன். வந்து புடிச்சுக்கிறேன், அப்புறமா ஆரம்பிங்க."