புள்ளி அக்கா வாங்கிய மீட்டர்

பட்டறையில் எல்லோருக்கும் அவர் புள்ளி அக்கா. மீட்டரில் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்க்காமல் எந்த டிரான்ஸ்பார்மரையும் வெளியே விட மாட்டார். பட்டறை அவருடைய அண்ணனுடையது. கம்பிச் சுருள் சுற்றுவது கணவர், சோதிப்பது அக்கா.

பழைய ரேஷியோ மீட்டர் போன வாரம் உயிரை விட்டது. உள்ளே இரண்டு பக்கச் சுருள்களும் சரியான விகிதத்தில் சுற்றப்பட்டிருக்கின்றனவா என்று, பிரிக்காமலே சொல்லும் கருவி அது. புதிதாக வாங்குவதற்காக விற்பனையாளர் இரண்டைக் கொண்டுவந்திருந்தார். ஒன்று வண்ணத் திரையோடு பளபளத்தது. மற்றது சாப்பாட்டு டப்பா மாதிரி இருந்தது. திரையில் வெறும் எண்கள்தான்.

"பேசிட்டே இருந்தா எப்படி? இதுல போட்டுப் பாத்துடுவோம்," என்று லாரி ஏறக் காத்திருந்த டிரான்ஸ்பார்மரைக் காட்டினார் அக்கா. குடிநீர் நிலையத்துடையது. புதிதாகச் சுருள் சுற்றி, பெயிண்டும் அடித்தாகிவிட்டது.

பளபளத்த மீட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. "பாஸ்," என்றார் விற்பனையாளர். அண்ணன் லாரி டிரைவரைக் கூப்பிடக் கிளம்பினார்.

"இருங்கண்ணே, இன்னொண்ணு இருக்கே."

டப்பாவில் நாற்பத்து நான்கு வரவேண்டிய இடத்தில் நாற்பத்தைந்து புள்ளி ஒன்று வந்தது. உள்ளே இருந்த மூன்று ஜோடிச் சுருளிலும் அதே எண்.

அண்ணன் முகம் மாறியது. "மாப்பிள்ளை, போன தடவையே ஒண்ணப் பிரிச்சு மறுபடி சுத்துனோம். இதுவும் அப்படின்னா, நான் வேற ஆளத்தான் பாக்கணும்."

"எண்ணித்தான் மச்சான் சுத்துனேன்," என்றார் கணவர்.

அக்கா டப்பாவின் திரையை இன்னொரு முறை பார்த்தார். தன் கையாலேயே வீட்டுக்காரர் பிழைப்பில் மண் போட்டாகிவிட்டதா? ஆனால் கை தவறினால் ஒரு சுருளில் தவறும். மூன்றிலும் அச்சு அசலாக ஒரே அளவா தவறும்?

ஏணி போட்டு ஏறினார். சுற்றுகளைக் கொஞ்சம் கூட்டவும் குறைக்கவும் மேலே ஒரு கைப்பிடி உண்டு. மூன்றாம் எண்ணில் நிற்க வேண்டியது, இரண்டில் நின்றது.

"பெயிண்டரே, இதத் தொட்டீங்களா?" என்று கீழே பிரஷ் கழுவிக்கொண்டிருந்தவரைக் கேட்டார்.

"பின்னாடி பிரஷ் போகலக்கா. லேசாத் திருப்பிட்டு அடிச்சேன். பூசுனது நல்லா வந்திருக்குல்ல?"

கைப்பிடியை மூன்றுக்குத் திருப்பி மறுபடி பார்த்தார். நாற்பத்து நான்கு புள்ளி பூஜ்யம் ஒன்று. ஏணியிலேயே உட்கார்ந்து மூச்சு விட்டார்.

"அப்ப உங்க பச்சை விளக்கு?" என்று விற்பனையாளரைக் கேட்டார்.

அவர் தலையைச் சொறிந்தார். "காட்டறப்ப சிவப்பு வந்தா நல்லா இருக்காதுன்னு, எவ்வளவு வித்தியாசம் வரலாம்கிற அளவத் தளர்த்தி வெச்சிருந்தேன். சரியா வெச்சா இதுவும் சொல்லிடும்க்கா."

"சொல்லும். ஆனா பச்சையப் பாத்துட்டா எங்கண்ணன் எண்ணப் பாக்க மாட்டார். டப்பாவையே குடுங்க."

லாரியில் ஏற்றும்போது கணவர் மெதுவாகக் கேட்டார். "வேற ஆளப் பாக்கப் போறதாச் சொன்னீங்களே மச்சான்?"

"பெயிண்ட் அடிக்கத்தான் மாப்பிள்ளை," என்றார் அண்ணன்.

பெயிண்டர் தன் பெயிண்ட் வாளியையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு லாரிக்கு அந்தப் பக்கம் நகர்ந்தார்.