பாட்டிலில் இருந்த மண்டி

என் வீட்டுக்காரர் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் கொடைரோட்டில் பன்னீர் திராட்சை வாங்கி வந்து ஒயின் போடுவார். வடித்த பிறகு அடியில் தங்கும் மண்டியைக் கொட்டமாட்டார். ஈஸ்ட் அதில்தான் உயிரோடு இருக்கிறது என்று ஒரு பாட்டிலில் எடுத்து ஃபிரிட்ஜில் வைப்பார். தயிருக்கு உறைமோர் மாதிரி, அடுத்த ஒயினுக்கு அது. எங்கள் கல்யாண வருஷத்து மண்டிதான் இதுவரை ஓடியது.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளுக்கு அந்த வாடையே ஆகாது. "இது வீடா, சாராயக் கடையா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவாள். எனக்கு அவளைக் கண்டாலே பிடிக்காது.

போன ஜூலையில் அவர் இறந்துபோனார். துக்க வீட்டில் அந்த வருஷம் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டுவதில்லை, ஒயினும் போடுவதில்லை. சும்மா கிடந்தால் மண்டி செத்துவிடும். அவரே போய்விட்டார், இது எதற்கு என்று டிசம்பரில் பாட்டிலைக் குப்பை வண்டிக்காக வாசலில் வைத்தேன். "என்னக்கா அது?" என்றாள் பேச்சியம்மாள். விஷயத்தைச் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

பொங்கல் கழிந்து அதே பாட்டிலோடு வந்து நின்றாள்.

"ஒங்க வீட்லதானக்கா போடக் கூடாது? எங்க வீட்ல போட்டேன். அண்ணே பக்குவம் சொல்றதக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். புது மண்டி, வச்சுக்கங்க."

"ஒயின் எங்கே?"

"அதக் குடிக்க எங்க வீட்ல யாரு இருக்கா? அம்புட்டையும் சாக்கடைல ஊத்திட்டேன்."

ஈஸ்டர் நெருங்குகிறது. திராட்சை வாங்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தினமும் குரல் வருகிறது.

"என்னக்கா, இன்னும் வாடையே வரலையே?"