கவலை பூட்டியாச்சா

எருத்தேன்பதியில் எங்கள் தோட்டத்துக் கிணறு ஆழமானது. மாடு பூட்டித் தோல்பறியில் தண்ணீர் இறைப்பதை எங்கள் பக்கம் கவலை என்போம். பங்குனி மாதம், கவலை உருளை சுற்றாமல் இறுகிக்கொண்டது என்று அண்ணன் உருளையைத் தாங்கிக் கிணற்றுக்கு மேல் நீட்டியிருந்த மரத்தில் ஏறினான். மரம் உளுத்திருந்தது யாருக்கும் தெரியாது. தண்ணீர் கீழே போயிருந்த காலம். அது ஒடிந்து, பாறையில் கழுத்துப் பொடனி அடிபட விழுந்தான். கயிற்றுக் கட்டிலை உள்ளே இறக்கி அவனை மேலே தூக்கியபோது கண் விழித்தபடிதான் இருந்தான். "என்ற காலு எங்கடா தம்பி?" என்று கேட்டான். இரண்டு காலும் கட்டிலின் மேலேதான் கிடந்தன.

அதற்கு முந்தின ஆவணியில்தான் அவனுக்குக் கல்யாணம்.

பாலக்காட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் சித்திரை முழுக்கக் கிடந்தான். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். பத்தாவது தேறிவிட்டு, வாத்தியார் பயிற்சிக்கு இடம் கிடைக்குமென்று காத்திருந்தேன். டாக்டர் மலையாளத்தில் சொல்வதை வாங்கி அப்பாவுக்குச் சொல்வது என் வேலையாயிற்று. நடப்பான் என்று அவர் எப்போதுமே சொல்லவில்லை. மார்புக்குக் கீழே ஒன்றும் வேலை செய்யாது, கை தூக்கலாம், விரல் மடங்காது என்றார். "வயறுகொண்டாணு இவன் சுவாசிக்குந்நது" என்று என் கையை எடுத்து அண்ணன் வயிற்றின் மேல் வைத்துக் காட்டினார். நெஞ்சு அசையவே இல்லை. வயிறு மட்டும் ஏறி இறங்கியது. படுத்திருந்தால் அது போதும், நிமிர்த்தி உட்கார வைத்தால் வயிறு சரிந்து மூச்சுக் குறைந்துவிடும் என்றார். சளி கட்டினால் அவனால் தானாக இருமித் துப்ப முடியாது. அவன் இருமப் பார்க்கும் அந்தச் சமயம் பார்த்து, விலாவுக்குக் கீழே இரண்டு உள்ளங்கையாலும் ஒருவர் அமுக்கித் தள்ள வேண்டும். அதை நங்கை கற்றுக்கொண்டாள். அண்ணன் மனைவியை நாங்கள் நங்கை என்றுதான் கூப்பிடுவோம்.

நான் கற்றுக்கொண்டது குழாய். அவனுக்கு மூத்திரம் முட்டுவதும் தெரியாது, தானாக இறங்கவும் இறங்காது. சிவப்பு ரப்பர் குழாயைப் போசிப் பாத்திரத்தில் கொதிக்கவைத்து ஆறவைத்து, காலையில், உச்சியில், பொழுது சாயும்போது, படுக்கும் முன்னால் என்று உள்ளே செலுத்தி, நீரை அந்தப் போசியிலேயே பிடித்தெடுக்க வேண்டும். நேரம் தவறினால் தலை வெடிப்பதுபோல வலிக்கும், முகம் சிவந்து வேர்க்கும். ஏனென்று எனக்கு விளங்கியதில்லை. நின்றுபோன நீர் தலைக்கு ஏறுகிறது என்றாள் அம்மா. குழாய் வைத்து நீர் இறங்கினதும் வலி விட்டுவிடும் என்பதால் நானும் அதையே நம்பினேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் நாள், அண்ணனின் வேட்டியை விலக்கிவிட்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். அவன் மேலே கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டே, "என்னடா, கவலை பூட்டியாச்சா? பாத்து எறை. பறி கிழிஞ்சறப் போகுது" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, குழாயைக் கையில் எடுத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு அதுவே பெயர். அடுப்படியிலிருந்து அம்மா, "உச்சிக்குக் கவலை பூட்டீட்டயா?" என்று கேட்பாள். கிணற்றில் நிஜக் கவலை ஓடவில்லை. மரம் ஒடிந்தது ஒடிந்தபடி கிடந்தது. நங்கை மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டாள். "ஆச்சுங்களா?" என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவாள்.

ஆனி கடைசியில் நங்கையின் அப்பா வருவதாகச் சொல்லியனுப்பினார். பொள்ளாச்சிப் பக்கம் அவருக்கு ஊர். கல்யாணமான வருஷம் தலை ஆடி நோம்பிக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பெண் வீட்டார் வந்து அழைத்துப் போவது எங்கள் வழக்கம். மாப்பிள்ளை போக முடியாதென்று அவருக்குத் தெரியும். பெண் போனால் திரும்ப அனுப்பமாட்டார் என்று எங்களுக்குத் தெரியும். நங்கை வழக்கம்போல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள்.

அண்ணன் என்னைக் கூப்பிட்டான். தன்னை உட்கார வைக்கச் சொன்னான். டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். மாமனார் முன்னால் மல்லாந்து கிடக்கச் சொல்கிறாயா என்று கேட்டான். பிறகு குரலைத் தாழ்த்தி, "உக்காந்திருக்கறதப் பாத்தாருன்னா, தேறி வாரான்னு நெனச்சு அவள உட்டுட்டுப் போவாருடா" என்றான். அவர் வரும் நாள் விடிந்ததும் நாற்றம் போகச் சாம்பிராணி போட்டோம். சட்டை மாட்டிவிட்டு, கட்டிலைத் தூணோடு நகர்த்தி, நெஞ்சைச் சுற்றித் துண்டால் தூணில் கட்டினோம். கட்டு தெரியாமலிருக்க மேலே ஒரு சால்வை. காலுக்கு ஜமுக்காளம். குழாயும் போசியும் அடுப்படிக்குப் போயின.

அவர் காலையிலேயே வந்துவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தோம். வண்டி வந்தபோது உச்சிப்பொழுது. வெளியே காற்று சுழற்றி அடித்தது, அவர் தலையெல்லாம் புழுதி. மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நிஜமாகவே முகம் மலர்ந்தார். எதிரே பாயில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். மழையில்லாதது, மாட்டுச் சந்தை, பங்காளி வீட்டு வழக்கு. அண்ணன் ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கி, "ஆமாங்க மாமா" என்று மட்டும் சொன்னான். குழாய் வைக்கும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. நான் அவன் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அங்கேதான் வேர்க்கும்.

வேர்த்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, படுத்தே கிடந்த உடம்பில்லையா, சூடு ஏறிவிட்டது என்றார். வண்டியில் கொண்டுவந்திருந்த இளநீரை எடுத்து அவரே சீவி, அவரே வாயில் வைத்துப் பிடித்தார். மாமனார் கையால் தருவதை எப்படி வேண்டாமென்பது? அண்ணன் குடித்தான். இன்னொன்று சீவினார். அதையும் குடித்தான். அவன் முகம் செங்கல்லாகச் சிவந்தது. கையில் மயிர் கூச்செறிந்து நின்றது. உதடு நீலம் பாரித்தது.

என்னைப் பார்த்து, "தம்பி... கவலை... பூட்டு" என்றான்.

"இந்த வெயில்லயும் காத்துலயும் எதுக்குங்க மாப்பிள்ளை கவலை?" என்றார் மாமனார். "பொழுதெறங்கட்டும். ஆளுகாரன் எறைப்பான். நீங்க அதையெல்லாம் மனசுல போட்டுக்காதீங்க."

நான் எழுந்தேன். எப்படிச் சொல்லி அவரை வெளியே அனுப்புவது என்று புரியவில்லை. அதற்குள் அடுப்படியிலிருந்து நங்கை வந்தாள். எங்கள் வீட்டில் அவள் பெரியவர்கள் முன்னால் கூடத்துக்கு வந்து பேசி நான் பார்த்ததில்லை.

"கவலை பூட்டோணுங்கப்பா. நீங்களும் மாமாவும் கெணத்துப் பக்கம் போய்ட்டு வாங்க."

அவர் ஒன்றும் புரியாமல் எழுந்தார். அப்பா அவரை அழைத்துக்கொண்டு போனார். கட்டை அவிழ்த்து அண்ணனைப் படுக்கவைத்தோம். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. குழாய் வைத்தேன். நங்கை போசியைப் பிடித்துக்கொண்டாள். கலங்கலாக, நாற்றத்தோடு, நிற்காமல் வந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, "எளநி ரெண்டும் எறங்கீருச்சு" என்றான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அவர்கள் சீக்கிரமே திரும்பிவிட்டார்கள். கிணற்றங்கரையில் ஒடிந்த மரமும் காய்ந்து மடங்கின பறியும்தானே இருக்கும். "மாடு கட்டுத்தறீல நிக்குது. எந்தக் கவலையப் பூட்டறீங்க?" என்று கேட்டபடியே வாசலுக்கு வந்தவர், போசியைக் கையில் ஏந்தி வந்த மகளுக்கு எதிரே நின்றார். அதற்குள் இருந்ததைப் பார்த்தார். கூடத்துக்குள் எட்டி, படுத்திருந்த மாப்பிள்ளையையும் தூணில் தொங்கின துண்டையும் பார்த்தார். அவள் குப்பைமேட்டில் கொட்டிக் கழுவிக்கொண்டு வரும்வரை அங்கேயே நின்றார்.

"இதுக்கா கண்ணு உன்னயக் குடுத்தேன்?" என்றார். பிறகு, வந்த காரியத்துக்கான வார்த்தையைச் சொன்னார். "நோம்பிக்கு வா. நோம்பி முடிஞ்சதும் நானே கொண்டாந்து உட்டர்றேன்."

"தலை நோம்பிக்கு ரெண்டு பேரத்தானுங்களே அழைக்கறது" என்றாள் நங்கை. "அவரு எந்திரிச்சு வார அன்னைக்கு நானும் வாரனுங்க."

உள்ளேயிருந்து அண்ணன், "மாமா, கூட்டீட்டுப் போங்க" என்றான். படுத்திருந்ததால் குரல் தெளிவாகவே கேட்டது. நங்கை காதில் விழாததுபோல் அடுப்படிக்குப் போய், குழாயைக் கொதிக்கவைக்கப் போசியைக் கழுவிவைத்தாள். வண்டி போன பிறகு அண்ணன் அவளைப் பைத்தியக்காரி என்று மட்டும் சொன்னான்.

அதற்குப் பிறகு தன்னை உட்கார வைக்கச் சொல்லி அவன் கேட்டதில்லை. யார் வந்தாலும் படுத்தபடியே கும்பிட்டான். ஐப்பசியில் மூத்திரத்தில் சீழ் வந்து குளிர்காய்ச்சல் கண்டது. டாக்டர் கொடுத்த மாத்திரையில் ஒருமுறை தணிந்து மறுபடி வந்தது. மார்கழியில் கிழக்கே இருந்து ஓயாமல் குளிர்காற்று அடிக்கும். அந்தக் காற்றில் சளி கட்டியது. நங்கை விலாவை அமுக்குவாள், அவன் இருமப் பார்ப்பான். இருவருக்கும் சமயம் ஒத்துப்போகும்வரை சளி வந்தது. பிறகு அவனுக்கு இருமலே எழவில்லை. அவள் அப்போதும் அமுக்கிக்கொண்டுதான் இருந்தாள். போதும் என்று அம்மாதான் அவள் கையைப் பிடித்து எடுத்தாள்.

நங்கையின் அப்பா பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வந்தார். காரியம் முடிந்ததும் அவளை அழைத்துப் போனார். இந்த முறை அவரும் கேட்கவில்லை, அவளும் மறுக்கவில்லை.

கிணற்றுக்குப் புது மரம் போடத் தை கடைசியாகிவிட்டது. தச்சர் போன மறுநாள் காலை அப்பா மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். கொஞ்ச நேரம் கழித்து வாசலில் நின்று, "கவலை பூட்டியாச்சு, கஞ்சி கொண்டா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். நான் பயிற்சிப் பள்ளிக்குப் புறப்படத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா விறகைத் தள்ளிவிட்டு, அந்தப் போசியை எடுத்துத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினாள். தண்ணீர் கொதித்து வந்தது. அவள் சுவர்ப் பிறையில் கைவிட்டுக் குழாயைத் தேடினாள்.